நாற்பது நாள் காவல்

ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நாலு மணி நேரம் கூட ஆகவில்லை. அதற்குள் அவள் கொண்டு வந்த கூண்டுக்கு வாசலிலேயே தடை விழுந்தது.

"அது உள்ள வரக் கூடாது."

சொன்னது பதினேழு வயசுப் பெண். ஒரு கை கதவில், ஒரு கை இடுப்பில். ரப்பர் கையுறை வேறு மாட்டியிருந்தாள்.

"எது வரக் கூடாது? நானா, கூண்டா?" புதிதாக வந்தவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"கூண்டு." ஒரு விநாடி இடைவெளி. "நீங்க வரலாம், சித்தி."

அந்த ஒரு விநாடிதான் அவள் காதில் நின்றது. பெண்ணே அப்படிக் கூப்பிட்டுவிட்டதால் நாமும் அவளைச் சித்தி என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

படியில் இரண்டு பெட்டிகளோடு மூச்சு வாங்கி நின்றார் அப்பா. ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனுஷர். குடியிருப்பது லிஃப்டே இல்லாத மூன்றாவது மாடியில். "மேனேஜர், முதல்ல பெட்டியை இறக்க விடும்மா. கை கழண்டு போகுது" என்றார். மகளுக்கு அவர் வைத்த பெயர் அது. சும்மா வைக்கவில்லை என்பது சித்திக்கு அன்று சாயங்காலமே புரிந்துவிட்டது.

கூண்டுக்குள் இரண்டு கோல்டியன் ஃபின்ச் குருவிகள். கட்டைவிரல் அளவு உடம்பில் பச்சை, மஞ்சள், ஊதா என்று குழந்தை வாட்டர் கலர் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி நிறம். ஆண் ஓயாமல் வாயாடும், அதனால் அதன் பெயர் வக்கீல். பெண் யார் கை நீட்டினாலும் முதுகைக் காட்டும், அது ராங்கி. ஒற்றை அறை வாடகை வீட்டில் இரண்டு வருஷம் சித்திக்குக் குடும்பம் என்று இருந்தது இவை மட்டும்தான்.

இந்த வீட்டிலும் ஒன்பது இருந்தன. முன் அறையில், கிழக்கு ஜன்னலோரம், ஆள் உயரக் கூண்டில். இறந்து போன அம்மா வளர்த்தவை. கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததே இதில்தான். சித்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி ஏற்றும் லிஃப்ட் மக்கர் பண்ணியது. சரி செய்ய வந்தவர் அவள் போனில் வக்கீலின் படத்தைப் பார்த்துவிட்டு, "என் வீட்ல ஒம்பது இருக்குங்க. ஆனா எல்லாம் அண்ணன் தங்கச்சி. ஒரே ஒருத்தன்தான் வெளியில வாங்கினது, அவனுக்கும் வயசாயிடுச்சு. ரெண்டு வருஷமா முட்டை கூமுட்டையாப் போகுது" என்று கண் கலங்கினார். கூமுட்டைக்குக் கண் கலங்குகிற ஆணை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆகவே வக்கீலும் ராங்கியும் இந்த வீட்டுக்கு வந்தது வெறும் விருந்தாளியாக அல்ல. அந்த ஒன்பதோடு ஜோடி சேர்ந்து புது ரத்தம் பாய்ச்சத்தான். இதில் மேனேஜருக்கும் ஆட்சேபம் இல்லை. அம்மாவின் பறவைகள் இந்த ஒன்பதோடு முடிந்து போகக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"ஆனா நாற்பது நாள்," என்றாள். "பின்னாடி ஸ்டோர் ரூம்ல தனியா இருக்கணும். துணி காயற பால்கனி வழியாக் கொண்டு போங்க. முன் ரூம் பக்கம் காத்து கூடப் படக் கூடாது."

"நாற்பது நாள் கழிச்சு?"

"ஒண்ணும் இல்லேன்னா ஜோடி போடலாம்."

"ஏதாவது இருந்தா?"

"திருப்பிக் கொடுத்துடணும். அப்பா கிட்ட முன்னாடியே பேசியாச்சு."

சித்தி கணவரைப் பார்த்தாள். அவர் பெட்டியின் ஜிப்பை ரொம்ப சிரத்தையாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

சட்டதிட்டம் சித்திக்குப் புதிதல்ல. லாண்டரியில் நட்ட நடுவே ஒரு சுவர். சுவருக்குள் பதித்த பெரிய மிஷின்கள், இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. அழுக்கு ஒரு பக்கம் போகும், வெந்து வெளுத்து மறுபக்கம் வரும். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பதினோரு வருஷமாகச் சுத்தப் பக்கத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். எனவே முன் அறைக்கு நீலச் செருப்பு, ஸ்டோர் ரூமுக்குப் பச்சைச் செருப்பு என்றபோது அவள் முகம் சுளிக்கவில்லை. தனித் துடைப்பம், தனி மக், ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டால் குளித்து உடை மாற்றாமல் முன் அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அடுக்கியபோதும் சரி என்றாள். முன் அறைக்குள் சித்தி போகவே வேண்டாம், அந்த வேலை முழுக்கத் தன்னுடையது என்றபோது மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

விழுங்க முடியாமல் போனது முட்டை.

தினமும் காலையில் மேனேஜர் ஒரு முட்டையைப் பத்து நிமிஷம் வேக வைப்பாள். ஓட்டோடு சேர்த்து முள்கரண்டியால் நசுக்கி, ரஸ்க் தூளைப் போட்டுப் பிசிறி, ஒரு சின்னத் தட்டில் முன் அறைக்குக் கொண்டு போவாள். ஒன்பதும் மொய்க்கும். மஞ்சளாகப் பொறுக்கித் தின்னும். வெள்ளையைக் கிளறிப் போடும். தட்டு விளிம்பில் அலகைத் துடைக்கும். அரை மணி கழித்து அதே தட்டு, மிச்சத்தோடு, ஸ்டோர் ரூமுக்கு வரும்.

மூன்றாம் நாள் சித்தி கேட்டேவிட்டாள். "ஏம்மா, என் பிள்ளைங்களுக்கு எச்சிலா?"

"பறவைக்கு எச்சில் ஏது சித்தி? பழசு முதல்ல, புதுசு அப்புறம். ரூலே அதான். எந்தப் புத்தகத்துல வேணா பாருங்க."

"புத்தகத்துல தனித் தட்டு வைக்கச் சொல்லலையா?"

"புதுசோட தட்டு பழசுக்கு வரக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நான் இந்தத் தட்டைத் திரும்ப எடுத்துட்டா போறேன்? கொதிக்கற தண்ணியில போட்டுக் கழுவித்தானே மறுநாள் எடுக்கறேன்?"

அங்கே போனது இங்கே வரலாம், இங்கே வந்தது அங்கே போகக் கூடாது. சித்தி அன்றைக்கே தனியாக ஒரு முட்டையை வேக வைக்க அடுப்பைப் பற்ற வைத்தாள். கணவர் ஓசைப்படாமல் வந்து அடுப்பை அணைத்தார்.

"விட்டுடு. அவ மனசுல நீ போட்டிக்கு வந்த மாதிரி ஆயிடும். நாற்பது நாள்தானே?"

"எனக்கு என்னங்க போட்டி? என் பறவைக்கு நான் ஒரு முட்டை போடறேன்."

"நாற்பது நாள்," என்றார் மறுபடியும், வலிக்கிற பல்லைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

சரி என்று அடங்கினாள். அடங்கினாளே தவிர ஓயவில்லை. காலையில் எழுந்ததும் ஸ்டோர் ரூம். வேலைக்குக் கிளம்புமுன் ஸ்டோர் ரூம். வந்ததும் ஸ்டோர் ரூம். அங்கே பழைய மின்விசிறி, உடைந்த நாற்காலி, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே வக்கீல் வாதாடிக்கொண்டிருப்பான். வெயில் கொளுத்திய வாரம் ஈரத் துணியைக் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டாள். மழை பிடித்துக்கொண்ட வாரம் அதை அவிழ்த்துவிட்டுப் போர்வையை மாட்டினாள். கூண்டுக்கு அடியில் விரித்த காகிதத்தைத் தினமும் மேனேஜர் வந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எச்சத்தைப் பார்ப்பாள்.

"வெள்ளை சரியா இருக்கு. பச்சை கொஞ்சம் கூட."

"நேத்து கீரை வெச்சேன்."

"எதுக்கு வெச்சீங்க? எனக்கு எச்சம் புரியாமப் போகுதுல்ல?"

சாப்பாட்டு மேஜையில் ரொட்டியும் கையுமாக அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். "கல்யாணம் ஆகி ஒம்பது நாள். இந்த வீட்ல பேசற ஒரே விஷயம் பீ."

இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்தது தெரிந்ததும் மேனேஜர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

பதினேழாம் நாள் ராங்கி தானியக் கிண்ணத்திலேயே முட்டை போட்டாள். அரைநெல்லிக்காய் அளவு, பால் வெள்ளை. சித்திக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு கூடு வெச்சுக் கொடுத்துடலாமா? பாவம், போட இடம் இல்லாமத் தவிக்கறா."

"இப்போ வேண்டாம் சித்தி." மேனேஜரின் குரல் அதிசயமாகத் தணிந்திருந்தது. "அடைகாக்க உட்கார்ந்துட்டா இருக்கற சத்தெல்லாம் அதுக்கே போயிடும். உள்ள ஏதாவது நோவு இருந்தா அப்போதான் ஆளையே சாய்க்கும். முதல்ல அது திடமா இருக்குன்னு தெரியட்டும்."

சொன்னது நியாயம். முட்டையை அவள் எடுத்துப் போனபோது சித்தி தடுக்கவில்லை. பால்கனியில் நின்று அதை ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். ஜன்னல் கம்பி வழியாகச் சித்தி பார்த்தாள்.

முன் அறையிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு குரல் வரும். "தண்ணி வெச்சாச்சா? என் ராஜா, தண்ணி வெச்சாச்சா?" முதல் நாள் கேட்டபோது சித்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் கணவர் சொன்னார். போனில் பதிவாகிக் கிடந்த அம்மாவின் குரல். வெளியூர் போயிருந்த போது அனுப்பியதாம். மேனேஜர் அதைத் தினமும் வித்துவானுக்குப் போட்டுக் காட்டுவாள்.

வித்துவான் சிவப்புத் தலை ஆண். வெளியிலிருந்து வந்த அந்த ஒருத்தன். அம்மா இருந்தவரைக்கும் கழுத்தை நீட்டி, கம்பியில் குதித்துக் குதித்துப் பாடுவானாம். கோல்டியன் பாட்டு ஊருக்குக் கேட்காது. பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். அம்மா போன பிறகு ஒரு நாள் கூடப் பாடவில்லை. "அவளை நினைச்சு ஏங்கறான்," என்றார் கணவர். "வாயைத் திறப்பான், சத்தம் வராது. இவளும் விடாமப் போட்டுக் காட்டறா."

அம்மா போய்ப் பதினாலு மாசம். அந்தத் துக்கத்தில் பங்கு கேட்க சித்தி யார்?

முப்பத்து மூன்றாம் நாள், வியாழக்கிழமை.

ஐந்து நாளுக்கு ஒரு தரம் காது பரிசோதனை. ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, ஸ்டோர் ரூமை இருட்டாக்கிவிட்டு இருவரும் கூண்டருகே உட்காருவார்கள். இருட்டில் பறவை அசையாது, பேசாது. மூச்சு மட்டும் கேட்கும். அதுவரை ஆறு முறை உட்கார்ந்தார்கள். ஆறு முறையும் சுத்தம்.

அன்றைக்கு,

டிக்.

நகவெட்டியால் நகம் வெட்டுகிற மாதிரி. சித்தியின் கை மேனேஜரின் முழங்கையைப் பிடித்தது.

டிக். டிக்.

போர்வை சரேலென்று விலகியது. வெளிச்சத்தில் வக்கீல் கண்ணைச் சிமிட்டினான். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வாதாடத் தொடங்கினான். வாதம் கொஞ்சம் கரகரத்தது.

"மூச்சுக்குழாய்ப் பூச்சி," என்றாள் மேனேஜர். முகத்தில் வெற்றி இல்லை. பயம்தான் இருந்தது. அதனாலேயே குரல் கத்தியாக வந்தது. "கண்ணுக்கே தெரியாது. தொண்டைக்குள்ள நூறு, இருநூறு உட்கார்ந்திருக்கும். எங்க ஒம்பதுக்கும் ஒட்டியிருந்தா? நான் சொன்னேன்ல? சொன்னேன்ல அப்பா கிட்ட?"

"மருந்து இருக்கும்மா. கொடுத்தா..."

"பேச்சு அது இல்ல, சித்தி. ஞாயித்துக்கிழமை பறவைக் கடைக்காரரை வரச் சொல்லிடறேன்."

"திருப்பிக் கொடுக்க அது கடையில வாங்கின சட்டையா? அளவு சரியில்லைன்னு மடிச்சுப் பையில போட?"

"அப்போ என் அம்மாவோடது சாகட்டுமா?"

சமையலறை வாசலில் ஒரு கையில் ஸ்பானரோடு அப்பா நின்றார். இருவரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் ஸ்பானரைப் பார்த்தார்.

"ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் சித்தி.

"முதல் நாளே ஒத்துக்கிட்டேன்," என்றார் தரையைப் பார்த்து.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. வக்கீலும் ராங்கியும் போகிற வீட்டில் நான் மட்டும் எதற்கு என்று ஒரு எண்ணம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை.

வெள்ளிக்கிழமை லாண்டரியில் கை தானாக வேலை செய்தது. உருளைக்குள் விரிப்பைக் கொடு, மறுபக்கம் வாங்கு, நாலாக மடி, அடுக்கு. மனசு ஸ்டோர் ரூமில் இருந்தது. பழைய வாடகை வீட்டில் வராத பூச்சி முப்பத்து மூன்றாம் நாள் எப்படி வந்தது? இரண்டு வருஷமாக வேறு ஒரு பறவையின் வாடை கூடப் படாமல் இருந்தவை அவை.

பதினோரு மணிக்குச் சுத்தப் பக்கத்தில் மேஸ்திரி போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து நாலு நாளான ஆள் ஒருவர் ஒரு தள்ளுவண்டியில் மடித்த விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், அந்த வண்டி எங்க இருந்து வந்துது?"

"அந்த மூலையில இருந்துச்சு சார்."

"அதைச் சோதிச்சியா? துடைச்சியா?"

"சுத்தம்னு போர்டு மாட்டியிருக்கு சார்." அவர் காட்டினார். மாட்டித்தான் இருந்தது.

"போர்டு மாட்டினா ஆச்சா? போர்டையா நோயாளிக்குப் போர்த்தப் போறோம்? இந்தப் பக்கம் இருக்கறதாலேயே எல்லாம் சுத்தம்னு எவன்யா உனக்குச் சொன்னான்?"

சித்தியின் கையிலிருந்த விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போய்ச் சுருண்டது. "அக்கா, அக்கா, நிறுத்துங்க!" என்று பக்கத்தில் இருந்தவள் கத்தினாள்.

யார் சோதித்தது? முப்பத்து மூன்று நாளாக வக்கீலையும் ராங்கியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். இருட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். முன் அறையில் ஒரு நாளாவது யாராவது காதை வைத்தார்களா? தினம் ஒன்பது அலகு மேய்ந்த தட்டு. அந்தத் தட்டு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வந்தது?

"மேஸ்திரி, எனக்கு அரை நாள் வேணும்."

"என்னம்மா, உடம்புக்கா?"

"உடம்புக்குத்தான். எனக்கு இல்ல."

மூன்று மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்டோர் ரூம் பக்கம் போகவில்லை. குளியலறையில் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, துவைத்த உடை மாற்றி, முன் அறை வாசலில் கிடந்த நீலச் செருப்பில் காலை நுழைத்தாள். அவளுக்கு ஒரு அளவு சின்னது. குதிகால் வெளியே நின்றது. அப்படியே உள்ளே போனாள்.

ஜன்னலைச் சாத்தினாள். படுக்கை விரிப்பைப் பெரிய கூண்டின் மேல் இழுத்துப் போட்டாள். சிறகுகள் படபடத்து ஓய்ந்தன. தரையில் உட்கார்ந்து கம்பியில் காதை ஒட்டினாள்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தெருவில் ஏதோ வண்டி போய் மறைந்தது.

டிக்.

இடது பக்கம். கீழ்க் கம்பி. டிக். அப்புறம் மேலே, இன்னொன்று, மெல்லியதாக. அப்புறம் வலது மூலையில் ஒன்று. பிறகு மறுபடியும் கீழ்க் கம்பி, விடாமல், பழைய கடிகாரம் மாதிரி.

வாசல் கதவு திறந்தது. மேனேஜருக்குப் பரீட்சை நாள். மதியமே வந்துவிட்டாள்.

"யாரு உள்ள?" விளக்கு பளீரென்று எரிந்தது. மேனேஜர் ஷூவைக் கூடக் கழற்றவில்லை. "என்ன பண்றீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? அங்க போயிட்டு இங்க வரக் கூடாதுன்னு..."

"போகல. குளிச்சுட்டுத்தான் வந்தேன். விளக்கை அணை."

"வெளிய வாங்க சித்தி!"

"திட்டறதை அப்புறம் திட்டு. ரெண்டு நிமிஷம் உட்காரு. உன் காதை வை. நான் சொல்றது எதுவும் வேண்டாம், உன் காதே சொல்லட்டும்."

என்ன தோன்றியதோ, விளக்கு அணைந்தது. பரீட்சைப் பேனா சட்டைப் பையில் இருக்க அந்தப் பெண் தரையில் மண்டியிட்டாள். இருட்டில் அவள் மூச்சு முதலில் பெரிதாகக் கேட்டது. அப்புறம் அடங்கியது. அப்புறம் ஒரேயடியாக நின்றது.

டிக். டிக். டிக்.

"யாரு அது?"

"கீழ்க் கம்பி."

"வித்துவானா?"

மேனேஜரே விளக்கைப் போட்டு விரிப்பை விலக்கினாள். வித்துவான் கீழ்க் கம்பியில் பந்தாக உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. அலகு லேசாகத் திறந்து திறந்து மூடியது.

"உங்களோடதுல இருந்து ஒட்டியிருக்கும்," என்றாள். சொல்லும்போதே குரலில் பலம் இல்லை.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி இவன் பாடினானா?"

"இல்ல."

"இந்தப் பூச்சி வந்தா முதல்ல போறது என்னன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?"

"பாட்டு," என்றாள் மேனேஜர். "முதல்ல பாட்டு நிக்கும்னு போட்டிருக்கு. படிச்சிருக்கேன். மனப்பாடமாத் தெரியும்." அவள் சுவரில் சாய்ந்தாள். "சித்தி, நான் அம்மா குரலைப் போட்டா அவன் வாயைத் திறப்பான். தினமும். அவங்களுக்குப் பதில் சொல்றான்னு நினைச்சேன். அவன் மூச்சு விட முடியாமத் திறந்திருக்கான். நான் எதிர்ல உட்கார்ந்துகிட்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு..."

'இல்லம்மா, ஏக்கமும் இருந்திருக்கும்' என்று ஒரு வார்த்தை சித்தியின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நீலச் செருப்பு ஒன்று காலிலிருந்து நழுவியது.

சாயங்காலம் வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கை கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும் மேனேஜர். இத்தனை நாள் சொல்லாம இருந்தேன். இந்த நாற்பது நாள் கணக்கு உங்கம்மா நோட்டுல இருக்குன்னுதானே நீ பிடிச்சே? மத்த எல்லாத்துக்கும் அவ பார்த்தா. வித்துவானுக்குப் பார்க்கல."

"என்னது?"

"கடையில இருந்து வர்ற வழியிலேயே டப்பாக்குள்ள பாட ஆரம்பிச்சுட்டான். 'இவ்வளவு நல்லாப் பாடறவனுக்கு என்ன நோவு இருக்கப் போகுது'ன்னா. அன்னிக்கே உள்ள விட்டுட்டா. நானும் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டேன்."

மேனேஜர் அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் இன்னும் நாலு அங்குலம் நாற்காலிக்குள் இறங்கினார். "எல்லாரும் எல்லாத்தையும் என்கிட்ட மறைச்சு, நான் மட்டும் கையுறை போட்டுக்கிட்டு..." என்றவள் பாதியில் நிறுத்தி, சித்தி பக்கம் திரும்பினாள். "அந்த முட்டைத் தட்டு."

"ஆமா."

"நான்தான் தினமும் கொண்டு வந்து கொடுத்தேன். உங்க ரெண்டுக்கும்."

"ஆமா," என்றாள் சித்தி மறுபடியும். இதிலும் பொய் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமை காலை பறவை டாக்டர் வீட்டுக்கே வந்தார். வயசானவர். மூன்று மாடி ஏறியதில் அவர் மூச்சும் டிக் டிக் என்றுதான் இருந்தது. பதினொன்றையும் பார்த்துவிட்டு ஒரு சின்னக் குப்பியை மேஜையில் வைத்தார்.

"பின் கழுத்துல, இறகை விலக்கி, தோல்ல ஒரே ஒரு சொட்டு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி. அப்புறம் இன்னொரு தடவை. எல்லாத்துக்கும். பத்து பொழைச்சுக்கும், பயமில்ல." வித்துவானைக் காட்டினார். "இவன்தான் முத்திப் போய்க் கிடக்கான். உள்ள பூச்சி மொத்தமாச் செத்தா அதுவே தொண்டையை அடைச்சுக்கலாம். போட்டாலும் போகலாம். போடலைன்னா நிச்சயம் போவான், கொஞ்சம் மெதுவா. யோசிச்சுப் போடுங்க."

டாக்டர் போன பிறகு மேனேஜர் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஜன்னல், கதவு, ஜன்னல். பத்துக்கும் சொட்டு விழுந்து முடிந்தது. வித்துவான் பாக்கி. அப்பா, "நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றார்.

"நாளைக்கு மட்டும் என்ன தெரியப் போகுது?" கூண்டுக்குள் கையை விட்டு அவனைப் பிடித்தாள். பிடித்ததும் கை வெடவெடவென்று ஆடியது. "சித்தி, நான் பிடிச்சுக்கறேன். நீங்க விடுங்க."

"நான் விட்டு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஆகட்டும். உங்களைச் சொல்ல மாட்டேன். சத்தியமா. சீக்கிரம் விடுங்க, அவன் இதயம் என் கைக்குள்ள எப்படி அடிக்குது பாருங்க."

சித்தி வாயால் ஊதினாள். கழுத்து இறகு பிரிந்து வெளிறிய தோல் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பதினோரு வருஷம் கொதிக்கிற உருளைக்குப் பக்கத்தில் பழகிய கை ஆடவில்லை. ஒரு சொட்டு.

அன்று முழுக்க அவன் கூண்டுத் தரையில் கிடந்தான். மறுநாளும். மூன்றாம் நாள் தானியம் கொறித்தான். கடைக்காரரை வர வேண்டாம் என்று மேனேஜரே போன் செய்து சொன்னாள். காலையில் அடுப்பில் இரண்டு முட்டை வெந்தது, இரண்டு தட்டில். ஸ்டோர் ரூமில் வக்கீலின் கரகரப்பு ஒரு வாரத்தில் குறைந்தது. வித்துவானின் டிக் மட்டும் நிற்கவில்லை. மேனேஜர் காலையில் கேட்பாள். பள்ளிக்கூடம் போகுமுன் கேட்பாள். "சித்தி, கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" சித்தியும் காதை வைப்பாள். "அதே மாதிரிதான் இருக்கு." ஆறு மணிக்கு வரும் போன் குரல் நின்று போயிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டாம் சொட்டும் விட்டார்கள். பிடித்த கையும் விட்ட கையும் மாறவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை. மதியம் பன்னிரண்டரை. "அக்கா, கேட்ல உங்களைத் தேடி ஒரு பொண்ணு" என்று வந்து சொன்னார்கள்.

இஸ்திரிக் கூடத்திலிருந்து கேட் வரைக்கும் நூறு அடி. அந்த நூறு அடிக்குள் சித்தி நினைக்காத விபரீதம் இல்லை. வெயிலில் மேனேஜர் நின்றிருந்தாள். பள்ளி உடுப்பு. மார்போடு அணைத்துப் பிடித்த அட்டைப் பெட்டி. பெட்டியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்.

சித்தி பெட்டியைத்தான் பார்த்தாள். "போயிட்டானா?"

"தெரியல." உதடு காய்ந்திருந்தது. "காலையில ஒண்ணுமே கேக்கல சித்தி. டிக் கூட இல்ல. தெருவுல மிஷின் வெச்சு ரோட்டை வெட்டறாங்க, வீடே அதிருது. கதவைச் சாத்தினாலும் எதுவும் கேக்கல. அப்பா போனை எடுக்கல, லிஃப்ட் குழியில இறங்கியிருப்பார். கண்ணை மூடிக்கிட்டே இருக்கான். விட்டுட்டுப் போக பயமா இருந்தது. எங்க போறதுன்னு தெரியல."

"பெட்டியைத் திறந்தியா?"

"முடியல. நீங்க திறங்க."

உள்ளே மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. சுத்தப் பக்கமும் கூடாது, அழுக்குப் பக்கமும் கூடாது. சித்தி ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெண்ணின் தோளைப் பிடித்து முற்றத்தின் கோடியில் இருந்த கிழிசல் அறைக்குள் தள்ளினாள். கிழிந்து கழித்துக் கட்டிய போர்வைகளும் மெத்தை உறைகளும் நாலு சுவரையும் மறைத்துக் கூரை வரை அடுக்கிக் கிடக்கும் அறை. கதவைச் சாத்தினாள். மிஷின் இரைச்சலைப் போர்வைகள் அப்படியே குடித்துவிட்டன. கும்மிருட்டு.

தடவித் தடவிப் பெட்டியின் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டாள். இறகு. இறகுக்குள் சூடு. சூட்டுக்குள் சின்னதாக ஒரு துடிப்பு. அவள் விரலை அது ஒரு கொத்துக் கொத்தியது.

"ஆ."

"என்ன? என்ன சித்தி?"

"கொத்தறான்."

பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது அழுகையா சிரிப்பா என்று இருட்டில் தெரியவில்லை. "உஷ்," என்றாள் சித்தி. "மூச்சைப் பிடி. கேக்கலாம்."

பழைய போர்வைக் கட்டு ஒன்றின் மேல் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். நடுவில் பெட்டி. இரண்டு தலைகளும் அதன் மேல் குனிந்து முட்டிக்கொண்டன, விலகவில்லை. நூறு எண்ணும் நேரம் போயிருக்கும். இருநூறும் போயிருக்கும்.

"உங்களுக்குக் கேக்குதா?"

"இல்ல. உனக்கு?"

"இல்ல."

"ஒரு டிக் கூட?"

"ஒண்ணு கூட இல்ல சித்தி." அவள் குரல் கிசுகிசுப்பாகி, கிசுகிசுப்பும் நடுங்கியது. "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். நல்லாத் தெரியட்டும்."

வெளியே காலடி வந்து நின்றது. தாழ்ப்பாள் நகர்ந்தது. "யாரது உள்ள? இருட்டுல என்ன பண்றீங்க?" மேஸ்திரியின் குரல்.

"கதவைத் திறக்காதீங்க!" என்று உள்ளிருந்து இரண்டு குரல் ஒன்றாக வந்தது.